ஸ்டோரிலிருந்து ஆபீஸுக்கு யூஎஸ்பி: மலையகத்தில் பைபர் எக்ஸ்டெண்டர் போடும் முறை

யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். 3.0 என்றால் 3 மீட்டரைத் தாண்டுவதே சிரமம். இடையிடையே ஹப் போட்டு நீட்டலாம் என்றாலும் வரிசையாக ஐந்து ஹப்புக்கு மேல் கணினி ஏற்காது. தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) பேக்கிங் அறையில் உள்ள லேபல் பிரிண்டரையும் கெமராவையும் 220 மீட்டர் தள்ளி மேட்டில் உள்ள ஆபீஸ் கணினியில் பிடிக்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கெல்லாம் கிட்டவே வராது. அதற்குத்தான் பைபர் எக்ஸ்டெண்டர்: யூஎஸ்பி சமிக்ஞையை ஒளியாக்கிக் கண்ணாடி இழை (பைபர்) வழியாகத் தூரத்துக்குக் கொண்டுபோகும் சாதனம்.

மலைநாட்டில் பைபருக்குப் போக இன்னொரு காரணம் உண்டு, தூரத்தைவிடப் பெரிய காரணம்: மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி முழங்கத் தொடங்கிவிடும். ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு மின்னல் இறங்கினால் அங்குள்ள நிலமே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி நிற்கும். மேட்டில் உள்ள ஆபீஸின் நிலம் அப்படி ஏறியிராது. இரண்டுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி ஓடினால் அந்த வித்தியாசம் முழுவதும் அதன் வழியாகக் கணினிக்குள் வந்து முடியும். பாறைச் சரிவில் எர்த் கம்பி நன்றாகப் பிடிக்காது என்பதால் இங்கே இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே கீழே சொல்லப்படும் தெரிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: இரண்டு கட்டிடத்துக்கும் இடையே எந்த வடிவிலும் உலோகம் போகக் கூடாது. பைபர் போட்டும் போர்ட் எரிந்தது என்றால், பெரும்பாலும் பைபரோடு சேர்ந்து எங்கேயோ ஒரு கம்பியும் போயிருக்கும். இல்லையென்றால் மின்சார லைன் வழியாக வந்திருக்கும்.

முதலில், யூஎஸ்பிதான் வேண்டுமா?

பல இடங்களில் வேண்டியதில்லை. வெறுமனே ஸ்டோரைப் பார்க்க ஒரு கெமரா போதும் என்றால் நெட்வேர்க் கெமராவும் இரண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (நெட்வேர்க் கேபிளைப் பைபருக்கு மாற்றும் பெட்டி) வாங்கிப் போடுங்கள்; செலவும் தலைவலியும் குறையும். தராசு பழைய சீரியல் போர்ட் வகை என்றால் சீரியலை நேரே பைபருக்கு மாற்றும் பெட்டி இருக்கிறது. அதை யூஎஸ்பியாக்கி, யூஎஸ்பியைப் பைபராக்கி நீட்டுவது வீண் வேலை. பிங்கர் மெஷினில் (விரலடையாளம் வைக்கும் மெஷின்) நெட்வேர்க் போர்ட் இருந்தால் அதையே பாவியுங்கள்.

சாதனம் கணினியிலேயே செருகியிருக்கிறது என்று மென்பொருள் நம்பியே ஆக வேண்டிய இடத்துக்குத்தான் யூஎஸ்பி எக்ஸ்டெண்டர். லைசன்ஸ் டொங்கிள் (மென்பொருள் உரிமத்துக்காகச் செருகும் சிறு துண்டு), யூஎஸ்பி மட்டும் உள்ள விரலடையாள ரீடர், லேபல் பிரிண்டர், பாடசாலை மண்டபத்தின் டச் போர்ட் (தொடுதிரைப் பலகை), கோவில் திருவிழாவை நேரலையாகக் காட்ட மிக்சர் கணினியில் நேரே இணைக்க வேண்டிய கெமரா: இந்த வகையறா.

கடையில் "யூஎஸ்பி எக்ஸ்டெண்டர்" என்று மூன்று வேறு சாமான்களைக் காட்டுவார்கள். நெட்வேர்க் கேபிளில் 50 மீட்டர் போகும் என்று விற்கப்படும் மலிவான சிறு சோடி பெரும்பாலும் யூஎஸ்பி 1.1 தான், வேகம் நொடிக்கு 12 மெகாபிட். கீபோர்ட், மவுஸுக்குப் போதும், கெமராவுக்கு ஆகாது. அதில் செம்புதானே ஓடுகிறது, கட்டிடம் விட்டுக் கட்டிடம் போடவே கூடாது.

இரண்டாவது, இரு முனையிலும் யூஎஸ்பி பிளக்கோடு வரும் ஒப்டிக்கல் கேபிள். 10 முதல் 100 மீட்டர் வரை கிடைக்கும். இதில் இரண்டு பொறிகள். ஒன்று, சில 3.0 கேபிள்கள் 3.0 சமிக்ஞையை மட்டுமே கடத்தும். பிரிண்டர், டொங்கிள், விரலடையாள ரீடர், மவுஸ் எல்லாம் பெரும்பாலும் 2.0 அல்லது அதற்கும் கீழே. அவற்றைச் செருகினால் கேபிள் செத்தது போலக் கிடக்கும். "2.0-வும் போகும்" என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றது, அந்த 2.0-வையும் மறுமுனைக்கு வேண்டிய கரண்டையும் கடத்துவதற்காகப் பல கேபிள்களுக்குள் செம்புக் கம்பியும் ஓடுகிறது. பெயரில் ஒப்டிக்கல், உள்ளே செம்பு. ஒரே கட்டிடத்துக்குள் மண்டபத்திலிருந்து மேடைக்கு இழுக்க நல்ல சாமான். ஸ்டோருக்கும் ஆபீஸுக்கும் நடுவே இழுக்க உதவாது. இந்தக் கேபிளுக்குத் திசையும் உண்டு. கணினிப் பக்கம், சாதனப் பக்கம் என்று பிளக்கில் குறியிருக்கும். குழாய்க்குள் இழுத்த பிறகுதான் மாறிப்போனது தெரிந்தால் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: கணினிப் பக்கம் ஒரு பெட்டி, சாதனப் பக்கம் ஒரு பெட்டி, நடுவே சாதாரண பைபர் இரண்டு இழை. மல்டிமோடில் (தடித்த மையமுள்ள, கிட்டத்துக்கான இழை) சில நூறு மீட்டர், சிங்கிள் மோடில் (மெல்லிய மையமுள்ள, தூரத்துக்கான இழை) சில கிலோமீட்டர் என்று 2.0 போகும். சரியான தூரத்தைப் பெட்டியின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இது கணினிக்கு ஒரு ஹப் போலவே தெரியும், டிரைவர் கேட்காது.

இரண்டு பெட்டியும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே சோடியாக இருக்க வேண்டும். காரணம் நேரம். கணினி ஒரு கேள்வி அனுப்பினால் யூஎஸ்பி 2.0-வில் சுமார் ஒன்றரை மைக்ரோசெக்கனுக்குள் பதில் வர வேண்டும். பைபரில் ஒளி ஒரு மீட்டர் போக 5 நானோசெக்கன் எடுக்கும். 220 மீட்டர் போய்த் திரும்ப 2.2 மைக்ரோசெக்கன்; ஆக, சாதனம் உடனே பதில் சொன்னால்கூட காலம் கடந்திருக்கும். அதனால் கணினிப் பக்கப் பெட்டி தானே முந்திக்கொண்டு "இன்னும் தயாரில்லை" என்று பதில் சொல்லி வைத்துவிட்டு, உண்மைப் பதிலைப் பின்னால் வாங்கிக் கொடுக்கிறது. இந்தத் தந்திரத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். தூரம் கூடக் கூடக் கோப்புப் பிரதி எடுக்கும் வேகம் குறைவதும் இதனால்தான்.

எந்தப் பைபர்?

பெட்டி எதைக் கேட்கிறதோ அது. 850 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) மல்டிமோட் என்றால் நீலப்பச்சை உறையுள்ள ஓஎம்3 ரகம். 1310 நானோமீட்டர் சிங்கிள் மோட் என்றால் மஞ்சள் உறையில் வரும் ஓஎஸ்2 ரகம். வெளியே போடும் கேபிளின் உறை எப்படியும் கறுப்புதான். நிறத்தை நம்பாமல் அதன்மேல் அச்சடித்ததைப் படியுங்கள். தெரிவு உங்கள் கையில் இருந்தால் சிங்கிள் மோடையே எடுங்கள். டெலிகொம் வேலைக்குப் பாவிப்பது அதுதான். சாமானும் ஸ்ப்ளைஸ் அடிக்க (இழைகளை உருக்கி ஒட்ட) ஆளும் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்திலேயே கிடைக்கும். ஓஎம்3 வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் சொல்லிவிட வேண்டும். பழைய செம்மஞ்சள் நிற மல்டிமோட் (ஓஎம்1 அல்லது ஓஎம்2) எங்காவது ஏற்கெனவே ஓடினால், 2.0 எக்ஸ்டெண்டருக்கு ஒருவேளை சரிவரலாம். 10 கிகாபிட் மொடியூல் (ஒளியை அனுப்பி வாங்கும் துண்டு) கேட்கும் 3.0 எக்ஸ்டெண்டருக்கு ஆகாது: அந்த வேகத்தில் ஓஎம்1 33 மீட்டர், ஓஎம்2 82 மீட்டர், ஓஎம்3 300 மீட்டர், அவ்வளவுதான்.

வீட்டு பைபர் இணைப்புக்கு வரும் தட்டையான கறுப்புக் கேபிளைப் பலர் இதற்குப் பாவிக்கப் பார்க்கிறார்கள். இழை நல்லது, வளைவையும் தாங்கும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கேபிளோடு தூக்கிக் கட்டுவதற்கு ஒரு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். சிலதில் உள்ளே இருக்கும் இரண்டு வலுக்கம்பிகளும் இரும்புதான். மின்னலுக்குப் பயந்து பைபர் போட்டுவிட்டு, கூடவே 220 மீட்டர் இரும்புக் கம்பியைக் கட்டிடம் விட்டுக் கட்டிடம் இழுத்தால் போட்டதற்கே அர்த்தமில்லை. அடுத்தது, அதன் முனையில் இருப்பது பச்சை நிற எஸ்சி/ஏபிசி கனெக்டர். எக்ஸ்டெண்டர் கேட்பது பெரும்பாலும் நீல நிற எல்சி/யூபிசி. ஏபிசியின் முகம் 8 பாகை சரிவாக வெட்டியது, யூபிசியின் முகம் நேரானது. இரண்டையும் முட்டவைத்தால் நடுவே இடைவெளி விழும், ஒளி கசியும், முகமும் கீறும். பச்சையும் நீலமும் ஒரு நாளும் சேரக் கூடாது.

கேட்டு வாங்க வேண்டியது: வெளியே போடத்தக்க, உலோகமே இல்லாத, நார்க்கண்ணாடி வலுக்கம்பியுள்ள சிங்கிள் மோட் கேபிள், 4 இழை. இரண்டு இழை போதும்தான், ஆனால் மற்ற இரண்டும் ஒரு நாள் காப்பாற்றும். எலிக்குப் பயந்து இரும்புத் தகடு சுற்றிய கேபிளை எடுத்துவிடாதீர்கள். எலிக்கு மருந்து தடித்த எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாய்.

220 மீட்டர் வேலைக்கு இவ்வளவு சாமான் வேண்டும்: எக்ஸ்டெண்டர் ஒரு சோடி, 4 இழைக் கேபிள் 250 மீட்டர், சுவர்ப் பெட்டி 2, எல்சி/யூபிசி பிக்டெயில் (ஒரு முனையில் மட்டும் கனெக்டருள்ள குட்டை இழை) 8, கைவசம் இன்னும் 2, ஸ்ப்ளைஸ் ஸ்லீவ் (ஒட்டை மூடும் குழல்) 12, சுவர்ப் பெட்டிக்கு எல்சி டூப்ளெக்ஸ் அடாப்டர் 4, 2 மீட்டர் எல்சி–எல்சி டூப்ளெக்ஸ் (இரட்டை இழை) பேட்ச் கோட், அதாவது இரு முனையிலும் கனெக்டருள்ள குட்டைக் கேபிள் 3, 32 மில்லிமீட்டர் குழாய் பாதை நீளத்துக்கு, இரு முனைக்கும் யூபிஎஸ், சர்ஜ் (திடீரென ஏறும் மின்னழுத்தம்) பாதுகாப்பு. கருவியில் ஒரு ஒப்டிக்கல் பவர் மீட்டர், ஒரு சிவப்பு லேசர் பேனா, எல்சிக்கு உரிய 1.25 மில்லிமீட்டர் க்ளீனர். ஸ்ப்ளைஸ் மெஷினை வாங்க வேண்டாம், ஆளோடு வாடகைக்கு எடுங்கள். எக்ஸ்டெண்டர் சோடிக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் விசாரியுங்கள், அல்லது இணையத்தில் வரவழையுங்கள்.

எதையும் இழுக்கும் முன் மேசைச் சோதனை

சாமான் வந்த அன்றே இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் வையுங்கள். 2 மீட்டர் பேட்ச் கோட்டால் இணையுங்கள். உண்மையில் பாவிக்கப்போகும் அதே பிரிண்டரை, அதே கெமராவை, அதே கணினியில், அதே மென்பொருளோடு ஓடவிடுங்கள். ஒரு பகல் முழுக்க ஓடட்டும். இங்கே ஓடாதது 220 மீட்டரில் ஒரு நாளும் ஓடாது. இங்கே ஓடியது அங்கே ஓடாவிட்டால் குற்றம் பைபரிலோ கரண்டிலோ என்று பாதித் தேடல் முடிந்துவிடும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு மழையில் ஏணியோடு நிற்கிறார்கள்.

பாதை

தோட்டத்தில் மண்ணுக்குள் போகும் எதற்கும் எதிரி இரண்டு வேலைகள்: கான் (வடிகால்) வெட்டும், முள்ளுக் குத்தும் (இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறுவது). கேபிளைக் கானின் ஓரமாகவே இறக்கினால் அடுத்த முறை கான் சுத்தம் பண்ணும்போது மண்வெட்டி அதில்தான் விழும். தேயிலை வரிசைக்குள் போனால் முள்ளு ஏறும். அதனால் ரோட்டோரமாகவோ படிக்கட்டோரமாகவோ போங்கள், தூரம் 20 மீட்டர் கூடினாலும் பரவாயில்லை. ஆழம் 45 முதல் 60 சென்ரிமீட்டர். குழாய்க்கு மேலே 20 சென்ரிமீட்டரில் எச்சரிக்கை நாடா ஒன்றை விரித்து மூடுங்கள். உலோகம் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் நாடா. கொழுந்து லொறி கடக்கும் இடத்தில் 60 சென்ரிமீட்டருக்குக் குறைக்காதீர்கள், அந்தத் துண்டுக்கு மட்டும் இரட்டைக் குழாய். பாதையை வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடமும் காட்டி வையுங்கள். வரைபடம் ஆபீஸ் அலுமாரியில் இருந்து பயனில்லை, மண்வெட்டி பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

சரிவில் மண் மெல்ல மெல்ல இறங்கும். குழாயை விறைப்பாக நேர்கோட்டில் போட்டால் ஓரிரு மழைக்காலத்தில் கேபிள் இழுபடும். 50 மீட்டருக்கு ஒரு சிறு குழிப்பெட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் 1 மீட்டர் சுருளாக விடுங்கள். இரு முனையிலும் 5 மீட்டர். குழிப்பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

தூக்கிக் கட்டினால் செலவு குறைவு, ஆனால் கிரவிலியா மரக் கொப்பு முறிந்து விழும், குரங்கு தொங்கும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், தன்னைத் தானே தாங்கும் உலோகமற்ற கேபிளும் அதற்குரிய பிடிகளும் வாங்குங்கள். மின்சார சபைக் கம்பத்தில் அனுமதியில்லாமல் கட்டுவது சட்டப்படியும் உயிருக்கும் ஆபத்து. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அதிலிருந்து சொட்டட்டும். துளையை உள்ளிருந்து வெளிப்பக்கம் சாய்வாகப் போடுங்கள்.

இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் தடிப்பின் 20 மடங்குக்குக் குறையக் கூடாது. போட்டு முடித்தபின் 10 மடங்கு. 8 மில்லிமீட்டர் கேபிளுக்கு முதலாவது 16 சென்ரிமீட்டர், இரண்டாவது 8. குழாயில் முழங்கை வளைவு போட்டுவிட்டு கேபிள் இறங்கவில்லை என்று முரட்டுத்தனமாக இழுப்பதுதான் இழை உடையும் வழக்கமான விதம். வலுக்கம்பியில் கயிற்றைக் கட்டி இழுங்கள், உறையில் அல்ல.

ஸ்ப்ளைஸ்

மூடுபனி இறங்கிய நேரத்தில் திறந்த வெளியில் ஸ்ப்ளைஸ் அடிக்க விடாதீர்கள். உரித்த இழையில் ஈரம் படியும், ஒட்டில் குமிழி விழும். கதவு சன்னல் அடைத்த அறை, காய்ந்த மேசை, 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல். கீழ்நாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் முதலில் ஆர்க் கலிபரேஷன் (ஒட்டும் மின்பொறியைச் சரிசெய்வது) செய்யச் சொல்லுங்கள். நுவரெலியா நகரமே 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறையும்போது மின்பொறியின் சூடு மாறும், கொழும்பில் சரியாக ஒட்டிய மெஷின் இங்கே பலவீனமாக ஒட்டும். ஒரு ஒட்டின் ஒளி இழப்பு 0.1 டெசிபெல்லுக்குக் கீழே காட்டினால் நல்லது. 0.3 என்றால் வெட்டி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். நான்கு இழையையும் இரு பக்கமும் முடித்துவிடுங்கள். உபரி இரண்டைச் சும்மா சுருட்டி வைத்தால் தேவைப்படும் அன்று மெஷின்காரர் வேறு ஊரில் இருப்பார்.

பிறகு அளவு. வழியில் போகக்கூடிய ஒளியின் கணக்கு இது: 220 மீட்டர் இழைக்கு 0.08 டெசிபெல் (கிலோமீட்டருக்கு 0.35), ஒட்டு இரண்டுக்கு 0.2, சுவர்ப் பெட்டிகளில் கனெக்டர் இரண்டுக்கு 1.0. மொத்தம் ஏறக்குறைய 1.3. ஸ்டோர்ப் பெட்டியிலிருந்து பேட்ச் கோட்டில் நேரே அளந்து -6 டிபிஎம் (ஒளியின் பலம்) வந்தால், ஆபீஸில் -7.3 அளவில் வர வேண்டும். மீட்டரை 1310-க்கு வைத்துத்தான் அளக்க வேண்டும். 10 கிலோமீட்டருக்கான சாதாரண 1 கிகாபிட் மொடியூல் -19, -20 வரை மங்கிய ஒளியையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் -12 வந்தாலும் லிங்க் எரியும். எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். 1.3 வர வேண்டிய இடத்தில் 6 போயிருந்தால் எங்கேயோ அழுக்கு, நெரிசல் அல்லது கெட்ட ஒட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் அது பெரிதாகும். மறுபக்கத் தவறும் உண்டு: கைவசம் இருந்ததென்று 80 கிலோமீட்டர் மொடியூலைப் போட்டால் 220 மீட்டரில் ஒளி கூடிப்போய், ரிசீவர் திணறும், பழுதாகவும் கூடும்.

1310 கண்ணுக்குத் தெரியாது. இருட்டாகத்தானே இருக்கிறது என்று இழைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கைபேசிக் கெமராவில் 850 மங்கலாகத் தெரிவதுண்டு, 1310 தெரியாது. அதனால் கெமராவில் தெரியவில்லை என்பது ஒளி இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. எந்த இழை எது என்று பார்க்கச் சிவப்பு லேசர் பேனா போதும், அதையும் சுவரில் பட வைத்துப் பாருங்கள்.

பொருத்துவது

ஸ்டோர்ப் பக்கம் பெட்டியை டிரையருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாதாரணப் பெட்டிகள் 40, 50 பாகை செல்சியஸ் வரையே தாங்கும். சல்லடை அறையும் நல்ல இடமல்ல. தேயிலைத் தூசியும் பஞ்சும் நுண்மையானவை, ஈரத்தை இழுப்பவை. கனெக்டர் முகத்தில் படிந்து பிசின் போல ஒட்டிக்கொள்ளும். பேக்கிங் அறைச் சுவரில், மூடிய பெட்டிக்குள், கேபிள் நுழைவாய் கீழ்நோக்கி இருக்கப் பொருத்துங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு கனெக்டரையும் செருகும் அந்தக் கணத்தில் சுத்தம் செய்யுங்கள். புதுப் பேட்ச் கோட்டையும்தான். மூடியைக் கழற்றி, க்ளீனரை ஒரு முறை "டிக்" என்று அழுத்தி, எதிலும் படாமல் நேரே செருக வேண்டும். வாயால் ஊதக் கூடாது, சட்டையில் துடைக்கக் கூடாது. கழற்றினால் மூடியை உடனே போடுங்கள், போர்ட்டுக்கும் சேர்த்து.

ஒரு பெட்டியின் அனுப்பும் வாய் மற்றதன் கேட்கும் வாய்க்குப் போக வேண்டும். லிங்க் விளக்கு எரியாவிட்டால் ஒரு முனையில் மட்டும் இரண்டு எல்சியையும் இடம் மாற்றுங்கள். இரு முனையிலும் மாற்றினால் பழையபடிதான் இருக்கும். அரைநாள் இதில் போனவர்கள் இருக்கிறார்கள்.

இயக்கும் ஒழுங்கு: முதலில் ஸ்டோர்ப் பெட்டிக்குக் கரண்ட், பிறகு ஆபீஸ் பெட்டிக்கு. லிங்க் எரிந்ததும் ஆபீஸ் பெட்டியைக் கணினியில் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஹப் ஒன்று வந்ததா பாருங்கள். வந்த பிறகுதான் ஸ்டோர்ப் பக்கம் சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும்.

கரண்ட்

பைபர் வெளிச்சத்தைத்தான் கொண்டுபோகும், கரண்டைக் கொண்டுபோகாது. ஸ்டோர்ப் பெட்டிக்கு அங்கேயே அடாப்டர் வேண்டும். ஆபீஸிலிருந்து ஒரு சிறு வயரை அதே குழாயில் இழுத்து 12 வோல்ட் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வரும், வராத இடமில்லை. அது வேண்டாம், உலோகம் போகக் கூடாது என்றது இதற்கும் சேர்த்துத்தான். இதே காரணத்துக்காக, ஸ்டோரிலும் ஆபீஸிலும் பழைய டெலிபோன் வயரோ நெட்வேர்க் வயரோ ஏற்கெனவே ஓடி அதே கணினியில் முடிந்தால், அதையும் கழற்றுங்கள் அல்லது உபரி இழைகளுக்கு மாற்றுங்கள்.

மின்சார லைன் வழியாக வரும் சர்ஜை பைபர் தடுக்காது. இரு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பும் நல்ல எர்த்தும் வேண்டும். எர்த் இல்லாமல் சர்ஜ் பாதுகாப்புப் பலகை வாங்குவது காசுக்குக் கேடு. பழைய உருண்டை முள் சொக்கெட்டுகளில் எர்த் இணைத்திருக்கிறதா என்று மின்னியலாளரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரில் வாட்டும் தொட்டி விசிறியும் ரோலரும் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழும். விளக்கு மங்குவதோடு போய்விடும், ஆனால் எக்ஸ்டெண்டர் ரீசெட் ஆகி, பிரிண்டர் லேபல் நடுவில் நின்றுபோகும். சிறிய யூபிஎஸ் ஒன்று இதை முழுதாகத் தீர்க்கும். எக்ஸ்டெண்டரையும் சாதனத்தையும் ஒரே யூபிஎஸ்ஸில் வையுங்கள். ஆனால் வெப்பத்தில் அச்சடிக்கும் பெரிய லேபல் பிரிண்டர் என்றால் யூபிஎஸ் தாங்குமா என்று வாட் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லியம்பியர், அதற்கு மேல் இழுக்கும் சாதனத்துக்குத் தனி அடாப்டருள்ள ஹப் ஒன்று இடையில் வேண்டும். ஒன்றே ஒன்று. எக்ஸ்டெண்டரே ஒரு ஹப்பாகவோ இரண்டாகவோ கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

கோளாறு வந்தால்

லிங்க் எரிகிறது, சாதனம் தெரியவில்லை. முதலில் பைபரைத் தொடாதீர்கள், அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கணினியின் நீலப் போர்ட்டிலிருந்து கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், சில 2.0 எக்ஸ்டெண்டர்கள் 3.0 போர்ட்டோடு ஒத்துப்போவதில்லை. முன்பக்கப் போர்ட்டைவிட மதர்போர்ட்டில் நேரே உள்ள பின்பக்கப் போர்ட் நல்லது. பெட்டியோடு வந்த குட்டை யூஎஸ்பி கேபிளையே பாவியுங்கள்.

கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு, யாரும் தொடாமல் விட்டால் சாதனம் காணாமல் போகிறது. இது விண்டோஸின் மின் சிக்கனம். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினி இதை அணைக்கலாம் என்ற பெட்டியின் சரி அடையாளத்தை எடுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் போட்ட பிறகு இவை பழையபடி மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

ஒரு கெமரா ஓடுகிறது, இரண்டாவது எழும்புவதில்லை. ஒரு நொடியில் கடத்தக்கூடிய அளவு (பேண்ட்வித்) முடிந்துவிட்டது. சுருக்காத 640×480 படம் நொடிக்கு 30 என்றாலே 18 மெகாபைட் ஆகிறது. 720 வரி என்றால் 55. யூஎஸ்பி 2.0 பக்கத்தில் செருகினால்கூட நடைமுறையில் 35, 40-க்கு மேல் தராது, எக்ஸ்டெண்டரில் அதற்கும் குறைவு. கெமரா மென்பொருளில் வடிவத்தை எம்ஜேபெக்குக்கு (படத்தைச் சுருக்கி அனுப்பும் வடிவம்) மாற்றுங்கள், அல்லது பிரேம் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டு கெமராவுக்கு முழுத் தெளிவு வேண்டுமென்றால் 3.0 எக்ஸ்டெண்டருக்கோ நெட்வேர்க் கெமராவுக்கோ போக வேண்டும்.

காலையில் சரி, மோட்டர் ஓடத் தொடங்கியதும் விட்டு விட்டு வருகிறது என்றால் கரண்ட். வெயிலில் சரி, இரண்டு நாள் மழைக்குப் பிறகு லிங்க் மினுங்குகிறது என்றால் வெளிப்பாதை: குழிப்பெட்டியில் தண்ணீர் நின்று கேபிளுக்குள் இறங்கியிருக்கும், அல்லது மண் இறங்கிக் குழாய் நெரிந்திருக்கும். பவர் மீட்டரை எடுத்து, முதல் நாள் எழுதி வைத்த அளவோடு ஒப்பிடுங்கள். எழுதி வைக்க வேண்டிய இடம் சுவர்ப் பெட்டியின் மூடியின் உள்பக்கம்: ஒவ்வொரு இழையின் நிறம், அளவு, திகதி.

ஒரு இழை மட்டும் போய்விட்டால் உபரி இழைக்கு மாறுங்கள். நான்கில் மூன்று போய் ஒன்றுதான் மிஞ்சியது என்றாலும் வழி உண்டு. பெட்டியில் கழற்றிப் போடும் எஸ்எஃப்பி மொடியூல் இருந்தால், ஒரே இழையில் இரு திசையும் ஓடும் இருவழி மொடியூல் சோடி ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கம் 1310 அனுப்பி 1550 கேட்பது, மறுபக்கம் அதற்கு நேர்மாறாக. வேகம் பழைய மொடியூலின் வேகமாகவே இருக்க வேண்டும், வேற்று மொடியூலைப் பெட்டி ஏற்குமா என்றும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வகை மொடியூலைப் போட்டால் லிங்க் எரியாது.